இஸ்ரேல், பாலஸ்தீனம்: சர்வதேச சட்டம் என்ன சொல்கிறது, சொன்னது ஏன் நடக்கவில்லை?

கேள்வி இதுதான்: "இஸ்ரேலும் சர்வதேச சட்டத்தைப் பேசுகிறது, பாலஸ்தீனர்களும் அதையே பேசுகிறார்கள். அந்தச் சட்டம் உண்மையில் என்னதான் சொல்கிறது? சொன்னதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லையே, அப்படி ஒரு சட்டம் இருந்து என்ன பயன்?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று, சொன்னது ஏன் நடக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "எல்லாமே சிக்கல், சட்டத்தால் இதில் ஒன்றும் சொல்ல முடியாது" என்ற முடிவுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். வரலாறு சிக்கலானதுதான். யார் மண், யார் முதலில் வந்தார்கள், யார் யாரை விரட்டினார்கள் என்று தொடங்கினால் விடிய விடியப் பேசலாம். ஆனால் 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரையில் அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பற்றிச் சட்டம் சொல்வதில் அவ்வளவு சிக்கல் கிடையாது. அதைத் தெளிவாக முதலில் எழுதி வைத்தவர் பாலஸ்தீனரோ அரபு நாட்டுத் தூதரோ அல்லர். இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் அவர்.

தியோடர் மெரோன் என்பது அவர் பெயர். 1930இல் போலந்தில் பிறந்த யூதர். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோவிலும் கட்டாய உழைப்பு முகாமிலும் சிறுவயதைக் கழித்தவர், குடும்பத்தினரில் பலரை அங்கேயே இழந்தவர். 1967 ஜூன் மாதம் ஆறு நாள் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா, சினாய், கோலன் குன்றுகள் எல்லாம் இஸ்ரேலின் கைக்கு வந்திருந்தன. அங்கே நம் மக்களைக் குடியேற்றலாமா என்று பிரதமர் லெவி எஷ்கோலின் அலுவலகம் கேட்டது. செப்டம்பர் 18ஆம் தேதி மெரோன் ரகசியக் குறிப்பு ஒன்றில் பதில் எழுதினார். கைப்பற்றிய நிலத்தில் சிவிலியன்களைக் குடியேற்றுவது நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் வெளிப்படையான விதிகளுக்கு முரணானது என்பதே அதன் சாரம். ராணுவ முகாம் அமைக்கலாம், அதுவும் தற்காலிகமாக இருந்தால் மட்டுமே என்றும் அவர் சொல்லியிருந்தார்.

அதே மாதம் முடிவதற்குள் மேற்குக் கரையில் கஃபார் எட்சியோன் என்ற முதல் குடியேற்றம் எழுந்தது. வந்து தங்கியவர்கள் சிவிலியன்கள், காகிதத்தில் அது ராணுவப் புறக்காவல் முகாம். அடுத்த அறுபது ஆண்டுகளின் கதை முழுவதும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றும். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் இது நடக்கவில்லை. தெரிந்துகொண்டு, அதில் எந்தச் சந்து வழியாக நுழையலாம் என்று பார்த்து நடந்தது.

மெரோன் சுட்டிய விதி, 1949 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தான நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆவது பிரிவில் கடைசிப் பத்தியாக இருக்கிறது. ஒரே வாக்கியம்: ஆக்கிரமித்துள்ள நாடு தன் சொந்தக் குடிமக்களில் ஒரு பகுதியினரை ஆக்கிரமித்த நிலத்துக்கு அனுப்பவோ மாற்றவோ கூடாது. இது எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போலந்தை நாஜிகள் பிடித்தபோது அங்கிருந்தவர்களை வெளியேற்றிவிட்டு ஜெர்மானியர்களைக் குடியேற்றினார்கள். இனி எந்த வெற்றியாளரும் அப்படிச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்த வாக்கியம் எழுதப்பட்டது. அதனால் பாதிக்கப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு மனிதர்தான் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் தன் சொந்த அரசிடம் அதை எடுத்துக்காட்டினார்.

இஸ்ரேலின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்கள் முன்வைக்கும் வாதங்களில் முக்கியமானவை இரண்டு. ஜோர்டான் 1950இல் மேற்குக் கரையைத் தன்னோடு இணைத்துக்கொண்டதை உலகில் ஏறக்குறைய யாருமே அங்கீகரிக்கவில்லை, எனவே அது வேறொரு நாட்டுக்குச் சொந்தமான நிலமாக இருக்கவில்லை, சொந்தக்காரர் இல்லாத நிலத்தில் "ஆக்கிரமிப்பு" எப்படி வரும் என்பது முதல் வாதம். யாரையும் அரசு வலுக்கட்டாயமாக அனுப்பவில்லை, மக்கள் தாமாகப் போகிறார்கள், 49ஆவது பிரிவு கட்டாய இடமாற்றத்தைத்தான் தடுக்கிறது என்பது இரண்டாவது.

முதல் வாதம் கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. ஜெனீவா உடன்படிக்கை மன்னர்களின் பட்டயத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டதல்ல, அந்நியப் படையின் கீழ் வாழும் மனிதர்களைக் காப்பதற்காக எழுதப்பட்டது. இஸ்ரேல் படையே 1967 ஜூனில் மேற்குக் கரைக்குள் நுழைந்தவுடன் வெளியிட்ட மூன்றாவது ராணுவப் பிரகடனத்தில், ராணுவ நீதிமன்றங்கள் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையைப் பின்பற்ற வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தது. சில மாதங்களில் அந்தப் பிரிவு சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. இரண்டாவது வாதம் இன்னும் பலவீனமானது. சாலை போட்டு, தண்ணீர்க் குழாய் இழுத்து, வரிச் சலுகை கொடுத்து, காவலுக்கு ராணுவத்தையும் நிறுத்திவிட்டு, "அவர்களாகவே போனார்கள்" என்று ஓர் அரசு சொல்ல முடியாது. 2004இல் ஹேக் நகரில் இருக்கும் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் இந்த இரண்டையுமே ஏற்கவில்லை.

மூன்றாவதாக இன்னொரு வாதமும் உண்டு. 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அண்மைப் போரில் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில மூலத்தில் "பகுதிகள்" என்ற சொல்லுக்கு முன் குறிப்புச் சுட்டு (the) இல்லை, பிரெஞ்சு மூலத்தில் இருக்கிறது. அதனால் "எல்லாப் பகுதிகளிலிருந்தும்" என்று அர்த்தமில்லை, "சில பகுதிகளிலிருந்து" என்றாலும் போதும் என்று இஸ்ரேல் வாதிடுகிறது. தமிழில் அப்படியொரு சுட்டுச் சொல்லே கிடையாது என்பதால், மாணவர்களுக்கு இதை விளக்கும்போது பாதி வகுப்பு நம்ப முடியாமல் பார்க்கும். அரை நூற்றாண்டு விவாதம் மூன்றெழுத்துச் சொல் ஒன்று இல்லாததன் மேல் நடந்திருக்கிறது. ஆனால் அதே தீர்மானத்தின் முன்னுரை, போரினால் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்கிறது. அந்த வரியில் எந்த மொழியிலும் சந்தேகம் இல்லை.

சட்டம் எப்படி மீறப்படுகிறது என்பதைவிட எப்படி வளைக்கப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கைப் பார்த்தால் போதும்.

நாப்லஸ் நகருக்கு அருகில் ருஜெய்ப் என்று ஒரு கிராமம். 1979 ஜூன் 7ஆம் தேதி காலை அந்த ஊர்க்காரர்களின் நிலம் இருக்கும் குன்றின் மேல் ஹெலிகாப்டர்களும் கனரக இயந்திரங்களும் வந்தன, குன்றுக்குப் பாதை வெட்டும் வேலை தொடங்கியது. ராணுவத் தேவைக்காக நிலம் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்ற உத்தரவு இரண்டு நாட்களுக்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது. நிலத்துக்காரர்கள் பதினேழு பேர் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள். அவர்கள் பெயரில் நாப்லஸ் பதிவேட்டில் பட்டா இருந்தது. குடியேற்றத்தின் பெயர் எலோன் மோரே.

1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின்படி ஆக்கிரமிப்புப் படை தனியார் நிலத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. ராணுவத் தேவைக்காகத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் அதுவரை ஏற்று வந்தது. ஆகவே வழக்கில் எஞ்சியது ஒரே கேள்விதான்: இந்தக் குடியேற்றம் உண்மையிலேயே ராணுவத் தேவையா? ஆம் என்று தலைமைத் தளபதி ரஃபேல் எய்டான் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். இல்லை, இதனால் பாதுகாப்புக்கு எந்த நன்மையும் இல்லை என்று முன்னாள் தலைமைத் தளபதி ஹைம் பார்லெவ் பிரமாணப் பத்திரம் கொடுத்தார். கடைசியில் அரசின் வாதத்தைக் கவிழ்த்தது குடியேறியவர்களின் சொந்த வாக்குமூலம். தாங்கள் வந்தது ராணுவத் தேவைக்காக அல்ல, இறைவன் தங்கள் முன்னோருக்குக் கொடுத்த நிலம் என்பதற்காக, இங்கே நிரந்தரமாக இருக்கப்போகிறோம் என்று அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். நிரந்தரம் என்றால் தற்காலிக ராணுவத் தேவை என்பது பொய்யாகிவிடுகிறது.

தீர்ப்பு எழுதியவர் நீதிபதி மோஷே லண்டாவ். 1961இல் நாஜி அதிகாரி ஐக்மான் மீதான வழக்குக்குத் தலைமை தாங்கியவர். நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், முப்பது நாட்களில் காலி செய்ய வேண்டும் என்று அக்டோபர் 22 அன்று உத்தரவிட்டார். பொதுமக்கள் சட்டக் காரணங்களைப் பார்க்க மாட்டார்கள், முடிவை மட்டுமே பார்த்துக் கோபப்படுவார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றும் தீர்ப்பிலேயே குறிப்பிட்டார். இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது அந்த நீதிபதி மேல் மரியாதை வருகிறது. நிலம் திரும்பக் கிடைத்தது. ருஜெய்ப் விவசாயிகள் வென்றார்கள்.

ஆனால் அடுத்து நடந்ததுதான் பெரிது. தனியார் நிலத்தை எடுத்தால் நீதிமன்றம் தடுக்கும் என்று தெரிந்துவிட்டது, அப்படியானால் அது தனியார் நிலமே இல்லை என்று ஆக்கிவிட்டால்? அரசு 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. துருக்கிய சுல்தான்கள் வரி வசூலுக்காக எழுதிய சட்டம் அது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயிரிடாமல் போட்ட நிலத்தில் உழவனின் உரிமை போய்விடும் என்று அதில் ஒரு விதி. ஊரின் கடைசி வீட்டிலிருந்து ஒருவர் உரக்கக் கூவினால் அந்தக் குரல் எட்டாத தூரத்தில் இருக்கும் தரிசு "இறந்த நிலம்", அது சுல்தானுக்குச் சேரும் என்று இன்னொரு விதி. மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை வைத்து நில உரிமையை அளந்த காலம். அந்த அளவுகோலை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விமானப்படப் பகுப்பாய்வோடு சேர்த்துப் பயன்படுத்தினார்கள். பாறை மேடுகளிலும் மேய்ச்சல் சரிவுகளிலும் ஓர் ஊரின் நிலம் எப்போதும் முழுக்கப் பயிரிடப்பட்டிருக்காது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள், பயிர் இல்லை என்பதால் ஊருக்கு அது தேவையில்லை என்று ஆகிவிடாது. ஆனால் பல லட்சம் தூனம் இப்படி "அரசு நிலம்" ஆனது. ஒரு தூனம் ஏறக்குறைய கால் ஏக்கர்.

அரசு நிலம் என்றால் அங்கே வாழும் எல்லாருக்கும் பொதுவானது என்றுதானே நினைப்போம்? இஸ்ரேலின் தன்னார்வ அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கிய கணக்கு 2018இல் வெளிவந்தது. மேற்குக் கரையில் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட அரசு நிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் குடியேற்றங்களுக்குப் போயிருந்தது. பாலஸ்தீனர்களுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. எலோன் மோரேயும் காணாமல் போகவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு மலைக்கு இடம் மாறி, இன்றும் இருக்கிறது. மேற்குக் கரையில் இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமான குடியேறிகள், கிழக்கு ஜெருசலேமில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர். ஒரு வழக்கில் வென்ற சட்டம் ஒரு நிலப்பரப்பை எப்படி இழந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய தடுப்புச் சுவர் விவகாரத்திலும் இதேதான் நடந்தது. இரண்டாவது இன்டிஃபாதா எனப்படும் பாலஸ்தீனர்களின் எழுச்சியின்போது பஸ்களிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன, நூற்றுக்கணக்கான இஸ்ரேலியச் சிவிலியன்கள் செத்தார்கள். தன் மக்களைக் காக்க ஓர் அரசு தடுப்பு கட்டுவதை யாரும் குறை சொல்ல முடியாது. தன் எல்லையில் கட்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. திட்டமிட்ட பாதையில் சுமார் 85 சதவீதம் மேற்குக் கரைக்கு உள்ளே ஓடியது, குடியேற்றங்களை வளைத்து உள்ளே இழுத்துக்கொண்டு. சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று, ஆக்கிரமித்த நிலத்தில் கட்டிய சுவர் சட்டவிரோதம், இடிக்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்று 14க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. கருத்துரை என்பது ஐ.நா. கேட்கும்போது நீதிமன்றம் சொல்லும் சட்ட விளக்கம், தீர்ப்பைப் போலக் கட்டுப்படுத்துவது அல்ல. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமோ சுவரே தவறு என்று சொல்லவில்லை, இங்கே கொஞ்சம் நகர்த்து, அங்கே கொஞ்சம் நகர்த்து என்றது. பில்இன் கிராமத்து மக்கள் வாராவாரம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சுவரை நோக்கி நடந்தார்கள். 2007 செப்டம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது, வேலி நகர்ந்தது 2011இல்.

2024 ஜூலை 19 அன்று வந்த கருத்துரை இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. அதுவரை குடியேற்றம் தவறு, சுவர் தவறு என்று தனித்தனியாகச் சொல்லிவந்தார்கள். இப்போது சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிப்பு தொடர்வதே சட்டவிரோதம் என்று 11க்கு 4 என்ற பெரும்பான்மையில் சொன்னது. ஆக்கிரமிப்பு என்பது சட்டத்தின் பார்வையில் போருக்கும் அமைதிக்கும் இடைப்பட்ட தற்காலிக நிலை. அரை நூற்றாண்டு கடந்து, நிலத்தையும் இணைத்துக்கொள்ளும் நோக்கம் தெரியும்போது, தற்காலிகம் என்ற சொல்லுக்கு உயிர் இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச்சபை 124 வாக்குகளுடன், பன்னிரண்டு மாதங்களில் முடித்துக்கொள் என்றது. கெடு கடந்துவிட்டது.

இனி காஸா. இங்கே ஓர் அடிப்படை விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் பக்கத்து விவாதங்களில் அதிகம் தவறுவது இதில்தான். போரை நடத்த உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, போரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதில் உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும் இரண்டாவதில் ஓர் அங்குலம்கூடக் கூடுதல் சலுகை கிடைக்காது. இது இரு தரப்புக்கும் பொது.

ஆக்கிரமிப்பின் கீழ் இருக்கும் மக்களுக்குப் போராடும் உரிமை இருக்கிறது என்று ஐ.நா. பொதுச்சபை பலமுறை சொல்லியிருக்கிறது. அந்த உரிமை 2023 அக்டோபர் 7 அன்று, காஸாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் நடத்திய தாக்குதலை எந்த வகையிலும் நியாயப்படுத்தாது. அன்று சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் சிவிலியன்கள். இசை விழாவுக்கு வந்த இளைஞர்கள், வீட்டுப் பதுங்கறைக்குள் ஒளிந்த குடும்பங்கள். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். குடியேற்றத்தைத் தடுக்கும் அதே நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 34ஆவது பிரிவு, பிணைக்கைதிகளைப் பிடிப்பது தடை செய்யப்பட்டது என்கிறது. ஒரு பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு பிரிவைக் கிழித்துப் போடுகிறவர்களின் பாலஸ்தீன ஆதரவு எனக்கு வேண்டாம். அது பாலஸ்தீனர்களுக்கும் உதவாது.

அதே அளவுகோல்தான் காஸாவில் இஸ்ரேல் படைக்கும். காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி கொல்லப்பட்டவர்கள் 60,000க்கும் அதிகம், அவர்களில் குழந்தைகள் பல்லாயிரம். "ஹமாஸ் மக்கள் நடுவே ஒளிகிறது" என்பது பதிலாகச் சொல்லப்படுகிறது. மக்களைக் கேடயமாக்குவது குற்றம்தான். ஆனால் ஒருவரைக் கேடயமாகப் பிடித்துவிட்டதால் அவர் சிவிலியன் என்பது மாறிவிடாது, எதிர்த்தரப்பின் கடமையும் குறையாது. விகிதாசாரம் என்ற சொல்லையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இத்தனை பேர் செத்தால் பதிலுக்கு இத்தனை பேர் என்ற கணக்கு அல்ல அது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன் தளபதி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்தக் குண்டினால் கிடைக்கும் ராணுவப் பயன் எவ்வளவு, சாகப்போகும் சிவிலியன்கள் எத்தனை பேர், இது அதற்குத் தகுமா? இதை வைத்துக்கொண்டு வாதாடுவதற்குத் தாக்குதல்களில் இடம் உண்டு. ஆனால் பட்டினி விஷயத்தில் அந்த இடமும் இல்லை. சிவிலியன்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கைக்கொள்வதற்கு எந்தத் தராசும் கிடையாது. 2023 அக்டோபர் 9 அன்று பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலண்ட், காஸாவுக்கு முழு முற்றுகை, மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை என்று கேமராவைப் பார்த்து அறிவித்தார். சட்டம் படித்தவனாக அந்தக் காணொளியைப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. பொதுவாக இப்படிப்பட்ட நோக்கத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆவணம் தேடுவார்கள்.

இனப்படுகொலை என்ற சொல்லைப் பற்றி: தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இன்னும் இறுதித் தீர்ப்பு சொல்லவில்லை. 2024 ஜனவரி 26 அன்று வந்தது இடைக்கால உத்தரவு. "இனப்படுகொலை நடப்பது நம்பத்தக்கது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று அன்று பல செய்திகள் வந்தன, அது சரியல்ல. பாலஸ்தீனர்களுக்கு இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்கப்படும் உரிமை உண்டு, அந்த உரிமைக்கு ஆபத்து இருக்கிறது என்பதுதான் சொல்லப்பட்டது என்று அப்போது தலைவராக இருந்த ஜோன் டோனஹ்யூவே பிறகு விளக்கினார். இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இஸ்ரேல் தன் சார்பில் அமர்த்திய நீதிபதி ஆரோன் பராக்கும், இனப்படுகொலைத் தூண்டலைத் தடுக்க வேண்டும், நிவாரணம் உள்ளே போக வேண்டும் என்ற இரண்டு உத்தரவுகளுக்கு ஆதரவாக வாக்களித்தார். 2025 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலின் விசாரணைக் குழு, காஸாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்திருக்கிறது என்றே முடிவு சொன்னது. குழுவின் அப்போதைய தலைவர் நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்மணி. ருவாண்டா தீர்ப்பாயத்தில், 1998இல் இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் வழங்கிய முதல் தண்டனையை அளித்த அமர்வில் இருந்தவர். இஸ்ரேல் அந்த அறிக்கையை முற்றாக மறுத்தது. அந்தக் குழு நீதிமன்றம் அல்ல, அதன் சொல் தீர்ப்பும் அல்ல. ஆனால் இந்தச் சொல்லின் எடை தெரியாதவர் எழுதியதும் அல்ல.

ஹேக் நகரில் இருக்கும் இன்னொரு நீதிமன்றம், சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். முதலாவது நாடுகளை விசாரிக்கிறது, இது தனிமனிதர்களை. இஸ்ரேல் இதில் உறுப்பினர் அல்ல, ஆனால் பாலஸ்தீனம் 2015இல் சேர்ந்துவிட்டது. குற்றம் நடந்த மண் உறுப்பினருடையது என்றால் போதும், குற்றம் செய்தவரின் நாடு உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் 21 அன்று பெஞ்சமின் நெதன்யாகு, யோவ் காலண்ட், ஹமாஸ் தளபதி முகமது டெய்ஃப் மூவருக்கும் பிடியாணை பிறந்தது. டெய்ஃப் இறந்தது உறுதியானதும் அவர் மீதான நடவடிக்கை முடிந்தது. பிடியாணை கேட்பதற்கு முன் அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் கரீம் கான் வெளியிலிருந்து ஒரு நிபுணர் குழுவிடம் ஆதாரங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார், எல்லாரும் ஒருமனதாக ஆதரித்தார்கள். அந்தக் குழுவில் தொண்ணூறு வயதைக் கடந்த ஒருவர் இருந்தார். 1967இல் அந்த ரகசியக் குறிப்பை எழுதிய அதே தியோடர் மெரோன்.

இந்த இடத்தில் ஈழத்துத் தமிழர்கள் என்னிடம் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முள்ளிவாய்க்காலுக்கு ஏன் இந்த நீதிமன்றம் வரவில்லை? இலங்கை இதில் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாத நாட்டுக்குள் அந்நாட்டவர் செய்த குற்றத்தை விசாரிக்க வேண்டுமென்றால் அந்த நாடே சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் பாதுகாப்பு கவுன்சில் அனுப்பி வைக்க வேண்டும், 2009இல் அதைச் செய்ய அங்கே யாருக்கும் மனமில்லை. பாலஸ்தீனர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்றால், தங்களை ஓர் அரசாக அங்கீகரிக்க வைத்து, உடன்படிக்கையில் சேர்ந்து, தாங்களே உழைத்துத் திறந்த கதவு அது.

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? காரணம் எல்லாருக்கும் தெரியும். சர்வதேச நீதிமன்றத்திடம் போலீஸ் இல்லை. அதன் உத்தரவை நடைமுறைப்படுத்த வேண்டிய பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்காவிடம் வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தனியாகவே தடுக்கும் அதிகாரம், இருக்கிறது, இஸ்ரேலைக் காக்க அது பல பத்து முறை பயன்பட்டிருக்கிறது. சில முறை அதைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். அவற்றில் ஒன்று: 2016 டிசம்பர் 23, குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்ற 2334ஆம் தீர்மானம் 14 வாக்குகளுடன் நிறைவேறியது, அமெரிக்கா வாக்களிக்கவில்லை. அதன் பின்னும் குடியேற்றங்கள் பெருகின. பிடியாணை வந்த பிறகு 2025 ஏப்ரலில் நெதன்யாகு ஹங்கேரிக்குப் போனார். கைது செய்யக் கடமைப்பட்ட உறுப்பு நாடு சிவப்புக் கம்பளம் விரித்து, நீதிமன்றத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. அதற்கு முன்பே பிப்ரவரியில் கரீம் கான் மீது அமெரிக்கா தடை விதித்திருந்தது. சட்டத்தின் குறைபாடு என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்ட அரசுகள் செய்ய மறுக்கும் வேலை இது. குற்றத்தைச் சட்டப் புத்தகத்தின் மேல் போடுவது அந்த அரசுகளுக்கு மிக வசதியாக இருக்கிறது.

என்ன பயன் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு ஒயின் பாட்டிலைக் காட்டுகிறேன். ரமல்லாவுக்கு அருகிலிருக்கும் ப்சகோட் குடியேற்றத்தில் ஒயின் தயாரிக்கிறார்கள். அதை ஐரோப்பாவில் "இஸ்ரேல் தயாரிப்பு" என்று மட்டும் போட்டு விற்க முடியுமா என்ற வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. 2019 நவம்பர் 12 அன்று தீர்ப்பு வந்தது: மேற்குக் கரை இஸ்ரேல் அல்ல, பொருள் குடியேற்றத்திலிருந்து வருகிறது என்பதை லேபிளில் எழுத வேண்டும், வாங்குபவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. பாரிஸ் கடையில் ஒரு பாட்டிலின் லேபிளில் இரண்டு சொற்கள். அந்த இரண்டு சொற்களின் வேர் ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆவது பிரிவு. 2024 பிப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்-35 போர்விமான உதிரிபாகங்களை நெதர்லாந்திலிருந்து இஸ்ரேலுக்கு அனுப்புவதை நிறுத்து என்று தன் அரசுக்கே உத்தரவிட்டது. வழக்கு அதன் பிறகு மேலே போய், அரசு தானே உரிமத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழு வெற்றி அல்ல. ஆனால் ஓர் அரசு தன் மக்கள் முன்னால், ஏன் அனுப்புகிறோம் என்று சட்ட மொழியில் பதில் சொல்ல வேண்டி வந்தது.

2024இன் கருத்துரையில் மற்ற நாடுகளுக்கென்றே சொல்லப்பட்ட பகுதி ஒன்று உண்டு: சட்டவிரோத நிலையை அங்கீகரிக்கக் கூடாது, அது நீடிப்பதற்கு உதவியும் செய்யக் கூடாது. இந்தியாவும் அதில் அடக்கம். 1947இல் பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த நாடு நாம். 1988இல் பாலஸ்தீனத்தை அங்கீகரித்த நாடு. இந்தக் கருத்துரையைக் கேட்டுப் பெறலாமா என்று 2022 டிசம்பரில் பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது நாம் வாக்களிக்கவில்லை. கருத்துரை வந்த பின் 2024 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பிலும் வாக்களிக்காத 43 நாடுகளில் நாமும் இருந்தோம். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியைத் தடுக்கக் கோரி நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பொதுநல மனு, வெளியுறவுக் கொள்கை அரசின் கையில் இருப்பது, அதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று தள்ளுபடியானது.